ஒரு நகரமும் இரண்டு மருந்துகளும்

கோபன்ஹேகன் என்றதும் நம்மில் பலருக்கு ஆண்டர்ஸன் ஞாபகத்துக்கு வருவார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கதை சொன்ன அந்த மனிதர் வாழ்ந்து மறைந்த ஊர் அது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த ஊரிடம் தனியான ஒரு பிரியம் இருப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் இங்கே நான் சொல்லப்போவது ஆண்டர்ஸன் எழுதாத ஒரு கதை. குடிகாரனைக் குடியிலிருந்து மீட்க மனிதன் மருந்து தேடிய கதை. அந்தக் கதை அதே ஊரில் இரண்டு தடவை நடந்திருக்கிறது. இரண்டு தடவையும் மருந்து வேறு ஏதோ வியாதிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான்.

இப்போது இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வாரம் ஒரு முறை போடுகிற ஓர் ஊசியைப் பற்றி எங்கு பார்த்தாலும் பேச்சாக இருக்கிறது. ஒஸெம்பிக் என்று அதற்கு ஒரு பெயர். உடம்பு இளைப்பதற்காக விற்கும்போது வீகோவி என்று இன்னொரு பெயர். மருந்து ஒன்றுதான்: ஸெமக்ளூடைட். இதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலர் தங்கள் டாக்டரிடம் போய் ஒரு விந்தையான செய்தியைச் சொன்னார்கள். "பசி குறைந்தது சரி, சாயங்காலமானால் கை தானாகத் தேடிப் போகுமே கிளாஸ், அதன்மேலும் ஆசை போய்விட்டதே!" என்றார்கள். இது உண்மையா, உண்மையானால் ஏன் என்று விஞ்ஞானிகள் தேடத் தொடங்கினார்கள். அந்தத் தேடலின் முக்கியமான ஒரு பகுதி கோபன்ஹேகனில் நடந்தது.

நூறு வருஷம் பின்னால் போவோம். முதல் மகா யுத்தத்தின்போது டென்மார்க்கில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. சாப்பாட்டுக்கே போதாத தானியத்தைச் சாராயமாகக் காய்ச்ச விடலாமா? 1917-ம் ஆண்டில் அரசாங்கம் சாராயத்தின்மேல் பெரும் வரி போட்டது. விலை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. குடிப்பது மளமளவென்று குறைந்தது. டென்மார்க்காரர்கள் சாராயத்தை விட்டுப் பீருக்கு மாறினார்கள். குடிகாரனுக்கு அந்த நாடு கொடுத்த முதல் வைத்தியம் இது என்று சொல்லலாம். இதில் மருந்தும் இல்லை, டாக்டரும் இல்லை. மடியில் காசு இல்லாமல் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் காசு உள்ளவனை அது என்ன செய்யும்?

ஐந்து வருஷம் கழித்து, 1922-ல், கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஆகஸ்ட் குரோக் அமெரிக்காவுக்குப் பிரசங்கம் செய்யப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய மனைவி மேரி குரோக் ஒரு டாக்டர். அவருக்குச் சர்க்கரை வியாதி. முந்தின வருஷம் கனடாவில் டொராண்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி அமெரிக்காவில் தம்பதிகளின் காதில் விழுந்தது. தன் உயிரைப் பற்றிய செய்தி என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் காது கூர்மையாகாது? குரோக் டொராண்டோவுக்குப் போய் டென்மார்க்கில் இன்சுலின் தயாரிக்க அனுமதி பெற்றுவந்தார். ஹாகடோர்ன் என்ற டாக்டரைச் சேர்த்துக்கொண்டு மாட்டின் கணையத்திலிருந்து மருந்து எடுத்தார். 1923-ல் நோர்டிஸ்க் இன்சுலின் நிலையம் ஏற்பட்டது. அங்கே வேலை பார்த்த பெடர்ஸன் சகோதரர்கள் பிரிந்துபோய் 1925-ல் நோவோ என்று போட்டிக் கடை வைத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இந்த இரண்டு கம்பெனிகளும் 1989-ல் ஒன்றாகி நோவோ நோர்டிஸ்க் ஆயின. இன்று உலகம் பேசுகிற அந்த ஊசி இந்தக் கம்பெனியுடையது. மனைவியின் வியாதியை நினைத்து ஒரு மனிதர் மேற்கொண்ட பிரயாணத்தில் தொடங்கிய கதை அது.

அந்தக் கதையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, அதே ஊரின் இன்னொரு கம்பெனிக்குள் நுழைவோம். மெடிசினால்கோ என்று பெயர். 1940-களின் நடுவில் அங்கே யென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்ஸன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். டைசல்ஃபிராம் என்ற ரசாயனம் அவர்கள் கண்ணில் பட்டது. அதுவரை அதற்கு முக்கியமான உபயோகம் ரப்பர்த் தொழிலில். முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தீங்கு தெரியவில்லை. யாகப்ஸனுக்கு ஒரு வழக்கம் உண்டு: பிறருக்குக் கொடுக்குமுன் தாமே விழுங்கிப் பார்ப்பார். ஹால்டும் விழுங்கினார். வேலை நேரத்தில் ஒன்றும் நேரவில்லை. ஆனால் சாப்பாட்டோடு கொஞ்சம் மது அருந்தினால் போதும், முகம் தாழம்பூ நிறம் மாறிச் செம்பருத்தியாகிவிட்டது! நெஞ்சு படபடத்தது, தலை வெடித்தது, குமட்டியது. இருவரும் தங்கள் அனுபவங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது.

ரப்பர்த் தொழிற்சாலை டாக்டர் ஒருவர் இதை அதற்கு முன்பே கண்டிருந்தார். வில்லியம்ஸ் என்ற அந்த அமெரிக்க டாக்டர், இதே இனத்து ரசாயனத்தில் புழங்கும் தொழிலாளிகளால் குடிக்க முடியவில்லை என்று 1937-லேயே எழுதிவிட்டார். அதை யாரும் தொடர்ந்து போகவில்லை. கோபன்ஹேகன்காரர்கள் தொடர்ந்து போனார்கள். 1948-ல் லண்டனின் 'லான்ஸெட்' பத்திரிகையில் விஷயம் வெளிவந்தது. மருந்துக்கு ஆன்டபியூஸ் என்று பெயர் வைத்தார்கள். 1951-ல் அமெரிக்க அரசாங்கமும் ஒப்புதல் கொடுத்தது.

மருந்து செய்கிற காரியம் எளிமையானது. உள்ளே போன மதுவை நம் ஈரல் இரண்டு படியாக மாற்றுகிறது. முதல் படியில் அது அசெட்டால்டிஹைடு என்ற நஞ்சாகிறது. இரண்டாவது படியில் அந்த நஞ்சு, காடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு சாதுப் பொருளாகிறது. ஆன்டபியூஸ் இரண்டாவது படியில் போய்க் குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது. நஞ்சு நஞ்சாகவே ரத்தத்தில் தங்கிவிடுகிறது. குடித்தவனுக்கு உடனே தண்டனை கிடைக்கிறது. கடவுள் மறுமையில் கொடுப்பதாகச் சொல்லப்பட்ட தண்டனையைக் கால்மணி நேரத்துக்குள் கொடுக்கிற மருந்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆரம்பத்தில் டாக்டர்களுக்கு உற்சாகம் மீறிவிட்டது. நிறைய மருந்தைக் கொடுத்து, தங்கள் எதிரிலேயே கொஞ்சம் குடிக்கச் சொல்லி, அந்த அவஸ்தையை நோயாளி நன்றாக உணரட்டும் என்று வைத்தியம் செய்தார்கள். சில உயிர்கள் போயின. பிறகு அளவைக் குறைத்தார்கள். எதிரில் குடிக்கச் சொல்லும் வழக்கத்தையும் கைவிட்டார்கள். ஆனால் மருந்தின் சுபாவம் மாறவில்லை. ஆசையை அது தொடவே இல்லை. ஆசைக்கும் கிளாஸுக்கும் நடுவே ஒரு பயத்தை மட்டும் நிறுத்தியது.

இந்த மாத்திரை நம் நாட்டிலும் வெகுகாலமாகப் புழங்கிவருகிறது. எங்கள் தெருவில் குடியிருந்த ஓர் அம்மாள் ஒரு நாள் என் மனைவியிடம் நெடுநேரம் பேசிவிட்டு, தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அண்ணா, ஒரு மாத்திரை இருக்கிறதாமே! அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கரைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, தெரிந்து சாப்பிடுகிறவன் பயந்துகொண்டு ஒதுங்கிவிடுவான், மீறினாலும் ஒரு மிடறோடு நிறுத்துவான். உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் வழக்கம்போல் அரைப் பாட்டிலைக் கவிழ்ப்பார். அவருக்கு இருதயக் கோளாறு இருந்தால் பழி உங்கள்மேல் வரும். அவரை அழைத்து வாருங்கள், அவருக்குச் சொல்லியே கொடுப்போம்."

அந்த அம்மாள் கேட்ட எதிர்க்கேள்வி என் மனத்தில் அப்படியே நிற்கிறது. "தெரிந்தால் அவர் சாப்பிட மாட்டாரே, டாக்டர்!"

ஆன்டபியூஸின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. 1986-ல் அமெரிக்காவில் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் 605 ஆண்களை வைத்து நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. சிலருக்கு முழு அளவு ஆன்டபியூஸ். சிலருக்குப் பெயரளவில் ஒரு துளி. மற்றவர்களுக்கு வெறும் வைட்டமின். எல்லாருக்கும் கூடவே ஆலோசனையும் உண்டு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், குடியை அறவே விட்டவர்களின் விகிதத்தில் மூன்று கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! மறுபடி குடித்தவர்களை எடுத்துக்கொண்டால், முழு அளவு மருந்து பெற்றவர்களில் ஒரு பகுதியினர் குறைந்த நாட்களே குடித்தார்கள். அந்த மட்டும் லாபம்தான். இதைவிட அதிசயமான ஒன்றும் அதில் தெரிந்தது. கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களே குடியை அதிகம் விட்டிருந்தார்கள். ஆன்டபியூஸ் சாப்பிட்டவர்கள் மட்டுமல்ல, வைட்டமினை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும்தான்.

குடிகாரனுக்கு மன உறுதி கிடையாது என்று ஊரார் சொல்வார்கள். ஆன்டபியூஸ் அந்த மன உறுதிக்குத் துணையாக வந்த மருந்து. ஆனால் அதைத் தினம் காலையில் எடுத்து விழுங்குவதற்கே மன உறுதி வேண்டியிருக்கிறது. நொண்டிக்கு ஊன்றுகோல் கொடுக்கிறோம் என்று சொல்லி, அதை மலையுச்சியில் வைத்துவிட்டு வந்த மாதிரி ஆயிற்று.

இனி, நிறுத்திவைத்த சர்க்கரை வியாதிக் கதைக்குத் திரும்புவோம்.

சர்க்கரையை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றுவதைக் காட்டிலும் வாய் வழியாகக் கொடுத்தால் உடம்பு அதிகமாக இன்சுலின் சுரக்கிறது என்று 1964-ல் கண்டார்கள். அப்படியானால் குடல், 'சாப்பாடு வருகிறது, தயாராக இரு' என்று கணையத்துக்கு ஏதோ தூது அனுப்புகிறது என்றுதானே அர்த்தம்? அந்தத் தூதனைப் பிடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஹாபனரும், யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஸ்வெட்லானா மோய்ஸோவ் என்ற பெண்மணியும், கோபன்ஹேகனில் யென்ஸ் யூல் ஹோல்ஸ்டும் 1987-ல் அவனை அடையாளம் காட்டினார்கள். ஜிஎல்பி-1 என்று அவனுக்குப் பெயர். மோய்ஸோவின் பங்கு நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்தது; 2024-ல் அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது.

தூதன் கிடைத்தான், ஆனால் அவனுக்கு ஆயுள் இல்லை. ரத்தத்தில் இரண்டொரு நிமிஷத்தில் கரைந்துபோனான். அப்படிப்பட்டவனை மருந்தாக்குவது எப்படி? உதவிக்கு வந்தது ஒரு விஷப் பல்லி. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற பிராணி அது; வருஷத்தில் சில தடவையே இரை எடுக்கும். அதன் விஷத்தில், இந்தத் தூதனைப் போலவே வேலை செய்தும் மணிக்கணக்கில் அழியாத ஒரு பொருளை ஜான் எங் என்ற டாக்டர் 1992-ல் கண்டறிந்தார். அதிலிருந்து எக்ஸெனடைட் என்ற மருந்து பிறந்து 2005-ல் கடைக்கு வந்தது. நோவோ நோர்டிஸ்கில் லோட்டே பியர்ரே நுட்ஸன் என்ற பெண்மணியின் கோஷ்டி வேறு வழியில் போயிற்று. மனிதனுடைய தூதனுக்கே ஒரு கொழுப்பு வாலைக் கட்டிவிட்டு, சீக்கிரம் அழியாதபடி செய்தார்கள். தினம் ஒரு முறை போடும் லிராக்ளூடைட் முதலில் வந்தது. வாரம் ஒரு முறை போடும் ஸெமக்ளூடைட் 2017-ல் சர்க்கரை வியாதிக்கும், 2021-ல் உடல் எடைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இந்தத் தூதனுக்குக் கணையத்தோடு வேலை முடியவில்லை. மூளையிலும் அவனை வரவேற்கும் வாசல்கள் இருக்கின்றன. எலியின் மூளையில் அவனைச் செலுத்தினால் அது தீனியைத் தொடுவதில்லை என்று 1996-லேயே லண்டனில் பார்த்துவிட்டார்கள். 'போதும்' என்று சொல்கிற இடத்தில் மட்டுமின்றி, 'இன்னும் வேண்டும்' என்று நச்சரிக்கிற இடத்திலும் அவனுக்குச் செல்வாக்கு உண்டு. சோற்றுக்கும் சாராயத்துக்கும் மூளையில் அந்த நச்சரிப்பு ஒரே வழியாகத்தான் வருகிறது என்றால், ஒன்றை அடக்கும் மருந்து மற்றொன்றையும் அடக்க வேண்டும் அல்லவா?

ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து எலிட்ஸபெட் யெர்ல்ஹாக் 2013 வாக்கில் சுண்டெலிகளிடமும் எலிகளிடமும் இதைச் சோதித்து, ஆம் என்றார். 2019-ல் கோபன்ஹேகன்காரர்கள் குரங்கிடம் போனார்கள். ஸெயின்ட் கிட்ஸ் என்ற மேற்கிந்தியத் தீவில் ஒரு ஜாதிக் குரங்குகள் இருக்கின்றன. அவற்றில் சில, யாரும் சொல்லிக் கொடுக்காமலே மதுவை விரும்பிக் குடிப்பவை! அவையும் மருந்து போட்டபின் குறைவாகக் குடித்தன.

எலிக்கும் குரங்குக்கும் கடன் இல்லை, கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இல்லை, மேலதிகாரி இல்லை. மனிதன் என்ன செய்வான்?

2022-ல் அதற்கும் விடை வந்தது. கோபன்ஹேகனில் 127 குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்கு எக்ஸெனடைட், மற்றப் பாதிக்கு வெற்று ஊசி என்று 26 வாரம் போட்டார்கள். எல்லாருக்கும் பேச்சு வைத்தியமும் நடந்தது. முடிவு? இரண்டு கூட்டத்திலுமே குடி குறைந்தது. மொத்தத்தில் பார்த்தால், மருந்து போட்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசம் காணோம்! ஆனால் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, மதுவின் படத்தைக் காட்டினால் பரபரக்கிற இடம் மருந்து போட்டவர்களிடம் அமைதியாக இருந்தது. உடல் பருத்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், மருந்து போட்டவர்கள் நன்றாகவே குறைத்திருந்தார்கள். ஒல்லியானவர்களிடம் நேர்மாறு, மருந்து போட்டவர்கள் அதிகமாகக் குடித்திருந்தார்கள்.

இதை இரண்டாவது தடவை படித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சாராயக்கடை வாசலில் நிற்பவர்களில் பருத்தவர்கள் எத்தனை பேர்? பாதிச் சம்பளம் கடையிலும் பாதி வயிறு காலியுமாக இருக்கிற ஒருவனுக்கு, இருக்கிற பசியையும் போக்கடிக்கிற மருந்தைக் கொடுப்பது வைத்தியமாகுமா என்று டாக்டர்கள் யோசிக்கத்தான் வேண்டும். ஊசியால் குமட்டலும் வாந்தியும் வருவது சகஜம். நிறுத்தினால், இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடுகிறது. ஆசையும் அப்படித் திரும்பி வந்தால் என்ன செய்வது?

அதற்காக நம்பிக்கையை மூட்டைகட்ட வேண்டியதில்லை. ஸ்வீடனில் இரண்டேகால் லட்சத்துக்கு மேற்பட்ட குடிநோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்களில் சர்க்கரைக்கோ எடைக்கோ ஸெமக்ளூடைட் போட்டுக்கொண்டவர்கள் சிலர். அந்த மருந்தைப் போட்டுக்கொண்ட காலத்தில் அவர்கள் குடியினால் ஆஸ்பத்திரியில் சேர நேர்வது, போடாத காலத்தைவிட 36 சதவிகிதம் குறைவாக இருந்தது. இது பதிவேட்டுக் கணக்கு. சீட்டுக் குலுக்கி நடத்திய பரிசோதனை அல்ல. அமெரிக்காவில் நடந்த அப்படி ஒரு சிறு பரிசோதனையின் முடிவும் 2025-ல் வெளியாயிற்று. 48 பேர், 9 வாரம், குறைந்த அளவு ஸெமக்ளூடைட். குடிக்கிற நாட்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் குடிக்க உட்கார்ந்தால் உள்ளே போகிற அளவு குறைந்தது, ஏக்கமும் குறைந்தது. நாற்பத்தெட்டுப் பேர் நாட்டுக்குச் சமானம் ஆக மாட்டார்கள். குடிநோய்க்கென்று இந்த மருந்துக்கு இதை எழுதும்வரை ஒப்புதல் கிடைக்கவில்லை. பெரிய பரிசோதனைகள் நடந்துவருகின்றன.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு விஷயம் பெரிதாகப் படுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கதைகளில் வருகிற குடிகாரன் ஒன்று அயோக்கியன், அல்லது கோழை. கடைசி அத்தியாயத்தில் குழந்தையின் கண்ணீரைக் கண்டு பாட்டிலை உடைத்துவிட்டுத் திருந்துவான். அப்படித் திருந்தினவர்கள் உண்மையிலும் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் குழந்தையின் கண்ணீரைக் கண்டும், அதற்காகத் தானும் அழுதுவிட்டு, மறுநாள் மாலை கடைக்குப் போகிறவன்தான் அதிகம். அவனிடம் அன்பு இல்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அவன் மனைவியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வெந்துபோகிறாள். ஆன்டபியூஸ் கூட அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை. தப்பு செய்தால் அடி என்ற வாத்தியார் முறைதான் அது.

புது ஊசி அந்தத் தீர்ப்பை அசைத்திருக்கிறது. பல பேருக்கு அது பலிக்காமல் போகலாம். ஆனால் குடலிலிருந்து புறப்படுகிற ஒரு துளி ரசாயனம் சிலருக்காவது அந்த ஏக்கத்தைத் தணிக்கிறது என்றால், அந்த ஏக்கத்தில் அவனுடைய யோக்கியதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பகுதியும் இருந்தது என்றுதானே ஆகிறது? பசித்தவனைப் பார்த்து, 'உனக்குப் பிள்ளைமேல் பிரியம் இருந்தால் பசிக்காது' என்று யாரும் சொல்வதில்லை.

அதே சமயம் 605 பேருடைய பரிசோதனையை மறந்துவிடக்கூடாது. வெறும் வைட்டமினைத் தவறாமல் சாப்பிட்டவனும் குடியை விட்டானே, அவனுக்கு எது உதவியது? தினம் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்யும்படி அவனைத் தாங்கிப் பிடித்தது ஏதோ ஒன்று. அவன் வீடாக இருக்கலாம். கையில் ஓர் உத்தியோகமாக இருக்கலாம். 'இந்த வாரம் எப்படி இருக்கிறாய்?' என்று கேட்கிற ஒரு டாக்டராக இருக்கலாம். கோபன்ஹேகனில் வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் குடி குறைந்ததற்கு, வாரந்தோறும் யாரோ அவர்களை உட்காரவைத்துப் பேசியதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஊசி நல்ல முறையில் தேறி வரட்டும். ஏழைக்கும் எட்டுகிற விலையில் வரட்டும். அது வருகிற வரையிலும், வந்த பிறகும், குடிகாரனுடைய சாயங்காலம் என்று ஒன்று தினம் வந்துகொண்டுதான் இருக்கும். ஆசை அடங்கிய அந்த மனிதன் ஆறு மணிக்கு எங்கே போவான், யாரோடு பேசுவான் என்ற கேள்விக்கு ஆராய்ச்சிசாலையில் விடை கிடைக்காது. அதை வீடும் தெருவும் நண்பர்களும்தான் சொல்ல வேண்டும்.